மாலை போட்ட வீட்டில் ஆக்டோபஸ்

2000ஆம் ஆண்டு டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மழை இல்லை. முப்பதடிக்கு அப்பால் இருந்த சில்வர் ஓக் மரம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். கொட்டகைத் தூணில் நான் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் பன்னிரண்டு டிகிரி காட்டியது. அந்த நேரத்தில்தான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். எனக்கு எதிரே ஒரு தாம்பாளத்தில், ஒன்றரைக் கிலோ எடையில், ஓர் ஆக்டோபஸ் கிடந்தது.

அது இலைக் கொட்டகை. எங்கள் ஒன்றரை ஏக்கரில் பறித்த பச்சைத் தேயிலையைக் கொட்டி எடை போடுவதற்காக என் அப்பா போட்டது. அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து தேவர்சோலைக்கு வந்தவர். அந்த வருடம் அக்டோபருக்குப் பிறகு அங்கே ஒரு கூடை இலைகூட வந்து விழவில்லை. கிலோவுக்குக் கிடைத்த விலையில் பாதிக்கு மேல் பறிக்கிற கூலிக்கே போய்விடும். மீதி உரத்துக்குக் காணாது. பறிக்காமல் விட்ட செடிகள் என் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து நின்றன. முப்பத்தொரு வருடம் நான் ஆபீஸ் கிளார்க்காக இருந்த ஃபேக்டரியும் அதற்கு முந்தைய வருடமே மூடிக் கிடந்தது. அதனால் கொட்டகையில் சமைப்பதற்கு இடம் நிறைய இருந்தது.

வீட்டுக்குள் சமைக்க முடியாது. என் மகன் சபரிமலைக்கு மாலை போட்டு அன்றோடு இருபத்தைந்து நாள்.

அதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு ஒரே மகன். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. கோழிக்கோட்டில் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் சமையல்கட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். அந்த ஹோட்டலை மூடியதும் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் சும்மா இருந்தான். எங்கள் பக்கத்துப் பையன்களெல்லாம் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். காலை ஐந்தரை மணி பஸ்ஸில் டிராவல் பேக்கோடு ஏறுகிறவர்களை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினான்கு பேர் வரைக்கும் எண்ணினேன். பதினைந்தாவது ஆள் எங்கள் வீட்டிலிருந்து போகக் கூடாது என்பதுதான் என் மனைவிக்கும் எனக்கும் இருந்த ஒரே கவலை. இங்கேயே, மலையிலேயே ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதலுக்காகத்தான் கார்த்திகை முதல் தேதி அவன் மாலை போட்டான். கன்னிச்சாமி.

மாலை போட்டால் வீட்டில் எல்லாமே மாறிவிடும். கறி, மீன், முட்டை கிடையாது. காலையும் மாலையும் பச்சைத் தண்ணீர்க் குளியல். பெற்ற தாயும் தகப்பனும்கூட அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ‘சாமி, காப்பி குடிக்கிறீங்களா?’, ‘சாமி, கரண்டு போயிருச்சுங்க, ஃபியூஸைப் பாருங்க’ என்றுதான் பேசினோம். முதல் இரண்டு நாள் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது.

வேண்டுதல் சீக்கிரமே பலித்தது போலத்தான் இருந்தது. எங்களிடமிருந்து ஒன்பது கிலோமீட்டரில் ஓர் எஸ்டேட் பங்களா இருக்கிறது. தேயிலை விலை விழுந்ததும் எஸ்டேட்காரர்கள் அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். எடுத்தவர் கொச்சிப் பக்கத்துக்காரர். டூரிஸ்ட்டுகள் தங்குகிற விடுதியாக்கப் போகிறார் என்றும், சமையலுக்கு ஆள் தேடுகிறார் என்றும் கேள்விப்பட்டு மகன் போய்ப் பார்த்தான். கடற்கரை ஹோட்டலில் என்னென்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். இவன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, தக்காளிச் சாறில் ஆக்டோபஸ் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். தான் முன்பு நடத்திய ஓட்டலில் அதற்காகவே ஆட்கள் வருவார்களாம்.

“ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு அதைச் செய்து கொண்டு வா. இங்கே கிச்சன் பணி முடியலை, உன் வீட்டிலேயே செய்யி. நன்றாயிருந்தால் வேலை உனக்கு. இருபத்திரெண்டாம் தேதி கெஸ்ட் வராங்க. திங்கட்கிழமை வேறொருத்தன் வரான், அவனையும் நோக்கணும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்துவிட்டு, இதோடு மீன் சமைப்பாயா என்றும் கேட்டாராம். செய்யலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை இரவு இதை அவன் சொன்னபோது என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் திரி போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“சாமி எப்படிங்க அதைத் தொடுவீங்க?”

“நான் தொடலீங்க. அப்பா செய்யட்டும். நான் தள்ளி நின்னு சொல்றேன்.”

“அவரா? அவரு வெந்நி வெச்சாலே அடிப்புடிச்சுப் போகுமுங்க.”

“சொல்றதைச் செஞ்சாப் போதும். அப்பா அளவு தப்ப மாட்டாருங்க.”

அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை கூடலூர் மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரர் கோழிக்கோட்டிலிருந்து லாரியில் மீன் கொண்டுவருகிறவர். ஆக்டோபஸை நாங்கள் பேய்க்கணவாய் என்போம், அவர் நீராளி என்றார். எங்கள் பக்கம் யாரும் கேட்காத சரக்கு. ஹோட்டல்காரர் ஒருவருக்காக வந்ததில் ஒன்று மிச்சம் இருந்தது. பழைய பிளாஸ்டிக் பையில் நிறைய ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தார். மகன் எனக்குச் சொல்லியிருந்த விஷயத்தை அவரிடம் கேட்டேன். இது தனக்குள்ளேயே உப்பு வைத்திருக்கிற பிராணி, வேகும்போது சுருங்கும், குழம்பு வற்றும், அதனால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். ருசி பார்க்காமல் போட ஏதாவது கணக்கு உண்டா?

“உப்பினு எந்து கணக்கு சாரே? நாக்குதான் கணக்கு.”

“எங்க ஊட்டுல மாலை போட்டிருக்குதுங்க. பையன் ருசி பாக்க முடியாது. நாளைக்கு நீங்க வந்து ஒரு வாய் பாத்துச் சொல்ல முடியுமா? ஜீப் வெச்சுத் தர்றேன்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “எனிக்கு நோம்பு சாரே! பகல்ல எச்சில்கூட விழுங்காம இருக்கேன். நீங்க நல்ல ஆளைப் பிடிச்சீங்க. சாயங்காலம் மக்ரிபுத் தொழுகைக்குப் பின்னே வரட்டுமா? சட்டியோட தீர்த்துத் தர்றேன்.”

அது ரம்ஜான் மாதம் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் அங்கே இரண்டு சாமிகள். அதற்கடுத்த வீட்டில் இருந்தவர்கள் திருப்பூருக்கே குடிபோய்விட்டார்கள். கடைசியில் ருசி பார்க்கிற வேலையும் என்னிடமே வந்து சேர்ந்தது. எனக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் சொல்லி நாலு வருடமாக உப்பைப் பாதியாகக் குறைத்துத்தான் என் மனைவி எனக்குத் தனியாகச் சமைத்துவந்தாள்.

“உங்க நாக்கா?” என்றாள் மனைவி. “ஏனுங்க, நான் மறந்தாப்புல உப்பே போடாம வெச்ச ரசத்தை நல்லாருக்குதுன்னு ரெண்டு டம்ளர் குடிச்ச நாக்குதானுங்களே அது?”

வேறு நாக்கு இல்லை.

வீட்டுப் பாத்திரம் எதையும் எடுக்கக் கூடாது என்பதால் அலுமினியச் சட்டி ஒன்று புதிதாக வாங்கினேன். நூற்று நாற்பத்தைந்து ரூபாய். குக்கரைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மனைவி கொட்டகைப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு உள்ளே சாம்பிராணி போட்டாள். மகன் குளித்து, கறுப்பு வேட்டியோடு, கொட்டகைக்கு வெளியே துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றான். எனக்கும் அவனுக்கும் இடையில் பன்னிரண்டு அடி. காற்று அவன் பக்கமிருந்து என் பக்கம் அடிக்கிற மாதிரிப் பார்த்து நின்றுகொண்டான்.

எனக்கு அதைத் தொட்டதும் உடம்பு கூசியது. கோழியை உரித்திருக்கிறேன், ஆட்டுத்தலை வாட்டியிருக்கிறேன். இதில் எது தலை, எது வயிறு என்றே தெரியவில்லை. கையில் எடுத்தால் இலை மூட்டையிலிருந்து தண்ணீர் வழிகிற மாதிரி விரலிடுக்கில் நழுவியது. ஒரு காலின் அடியில் இருந்த உறிஞ்சிகளை எண்ணத் தொடங்கினேன். இரண்டு வரிசை. நூற்றுப் பத்து வரைக்கும் வந்துவிட்டேன்.

“அப்பா, என்னங்க பண்றீங்க?”

“ஒண்ணுமில்லைங்க சாமி.”

“எண்றீங்களா? அதை எண்ணி என்ன ஆகப்போகுது? தலையை உறை திருப்பற மாதிரித் திருப்புங்க. உள்ள இருக்கறதை வழிச்சு எடுங்க. கறுப்பா ஒரு பை இருக்கும், ஒடைச்சுப்போடாதீங்க.”

உடைத்துவிட்டேன். கை, தாம்பாளம், வேட்டி முனை எல்லாம் கறுப்பு. அவன் கல்லின் மேல் நின்றபடியே இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டான். அப்புறம் கால்கள் சேருகிற இடத்தைக் கீறி அமுக்கச் சொன்னான். கிளி மூக்குப் போல ஒன்று வெளியே வந்து விழுந்தது. பழக்கத்தில் நான் மஞ்சள் பொட்டலத்தை எடுத்தபோது, “மஞ்சள் போட்டீங்கன்னா பாத்த ஒடனே திருப்பி அனுப்பிருவாரு. வெறும் கல்லுப்பு போட்டுத் தேயுங்க, நொரை வர்ற வரைக்கும்” என்றான். தேய்த்தேன், கழுவினேன். அதற்கே மணி ஒன்பதாகிவிட்டது. கொதிக்கிற தண்ணீரில் மூன்று தடவை முக்கி எடுக்கச் சொன்னான். மூன்றாவது தடவை எட்டுக் காலும் சுருண்டுகொண்டு மேலே எழும்பின. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவன் முகத்தில் மட்டும் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது.

“அப்படித்தானுங்க. அழகா வந்திருச்சு.”

பிறகு மூடி போட்டு, அதன் தண்ணீரிலேயே வேகவிட்டோம். மலை மேல் எதுவும் சீக்கிரம் வேகாது. அரை மணிக்கொரு தடவை கத்தி முனையால் குத்திப் பார்த்துச் சொன்னேன். ரப்பராட்ட இருக்குது என்றேன். இன்னும் வேகட்டும் என்றான். செருப்பாட்ட இருக்குது என்றேன். பேசாம மூடி வையுங்க என்றான். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஸ்டவ்வுக்கு இரண்டாவது தடவையும் மண்ணெண்ணெய் ஊற்றினேன். அவன் கல்லை விட்டு இறங்கவே இல்லை. அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்றான். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கத்தி தானாக உள்ளே இறங்கியது.

தக்காளிச் சாறு தனி வேலை. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, பூண்டோடு சிவக்க வதக்கி, தோல் உரித்த தக்காளி ஒன்றரைக் கிலோவைப் பிழிந்து விட்டு, எண்ணெய் மேலே மிதக்கிற வரைக்கும் கிண்ட வேண்டும். அவன் பார்வை முழுக்கச் சட்டியின் மேலேயே இருந்தது. அங்கிருந்தே நிறத்தைப் பார்த்து, இன்னும் ரெண்டு நிமிசம், இப்ப தீயைக் கொறைங்க என்று சொன்னான். தன் தொழிலில் அவன் கெட்டிக்காரன் என்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். துண்டுகளைப் போட்டு, மிளகைத் தட்டிப் போட்டு, அடுப்பைச் சிறிதாக்கிய பிறகு உப்பு வந்தது.

“ஒரு சிட்டிகை போட்டு ருசி பாருங்க.”

பார்த்தேன்.

“இன்னொண்ணு.”

நாலு சிட்டிகை போட்டதும் என் நாக்குக்குச் சுள்ளென்றிருந்தது.

“கரிக்குதுங்களா?”

“கரிக்கற மாதிரித்தான் இருக்குதுங்க சாமி.”

“நெசமாத்தானுங்களா?”

“நெசமா.”

“அப்ப நிறுத்திக்குங்க” என்றான். ஆனால் கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜீப்பில் அவன் முன்னால் உட்கார்ந்தான். நான் பின்னால், சட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்பது கிலோமீட்டரும் பறிக்காத தோட்டம். ஒரு வளைவில் சாறு கொஞ்சம் என் வேட்டியில் சிந்தியது. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குப் பங்களா கேட்.

குத்தகைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மரியாதையான மனிதர். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். தச்சர்கள் மரத்தூளைக் கூட்டாமல் போயிருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு துண்டை விரலால் பிய்த்துப் பார்த்தார்.

“வெந்தது நல்லாயிட்டு உண்டு. எங்க ஆள்கூட இத்தனை பதமாயிட்டு வைக்கில்லை.” வாயில் போட்டார். மென்றார். சாறை மட்டும் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். பிறகு தட்டை மெல்ல ஓரமாக நகர்த்தினார். “உப்பு எவிடெ?”

மகன் திரும்பி என்னைப் பார்த்தான்.

“உப்பில்லை. அதனாலே தக்காளி உறங்கிக் கிடக்குது, மிளகு உறங்கிக் கிடக்குது. நீ ருசி நோக்கினியா?”

“இல்லீங்க சார்.”

“மாலை.”

“ஆமாங்க சார்.”

அவர் கோபப்படவில்லை. எங்களை உள்ளே கூட்டிப்போனார். புது டைல்ஸ் பாதி ஒட்டின கிச்சன். ஒரு கேஸ் அடுப்பு மட்டும் தயாராக இருந்தது. உப்பு, சர்க்கரை, வினிகர் மூன்றையும் எடுத்து வைத்தார்.

“பாரு மோனே. உனக்குக் கை உண்டு. அது எனக்கு மனசிலாச்சு. ஆனா இருபத்திரெண்டாம் தேதி முதல் ஜனவரி பாதி வரைக்கும் எனக்குத் தினமும் கெஸ்ட். ருசி நோக்காம பிளேட்டை வெளியே அனுப்புற குக்கை நான் வைக்க முடியாது. இப்போ இதை நீ சரியாக்கு. ருசி நோக்கி, என் கண் முன்னே. வேண்டாமெங்கில் வேண்டாம். உன் தெய்வத்தை நான் ஒண்ணும் சொல்லலை. வேலையை நாளைக்கு வர்றவனுக்குக் கொடுத்துப் போறேன்.”

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எங்களைப் பார்க்காமலிருக்கத்தான் அப்படி நின்றார் என்று நினைக்கிறேன்.

மகன் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“ஒரு சொட்டு, சாமி. கரண்டி முனையில. நாக்குல வெச்சுட்டுத் துப்பிருங்க.”

“துப்பினா சரியாப் போயிருமுங்களா?”

“திருப்பூர் பஸ்ஸை நெனச்சுப் பாருங்க.”

“இந்த வேலை கெடைக்கோணும்னு தானுங்களே மாலையே போட்டது? அதை வாங்கறதுக்கு இதைக் கெடுக்கோணும்னா என்னங்க கணக்கு இது? உங்களுக்குப் புரியுதுங்களா?”

எனக்குப் புரியவில்லை. திருப்பூர் நூற்றைம்பது கிலோமீட்டர், இது ஒன்பது கிலோமீட்டர் என்பது மட்டும்தான் புரிந்தது. அதையே சொன்னேன்.

அவன் கரண்டியை எடுத்தான். சாறில் முக்கினான். அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“நீங்க சொல்லுங்கப்பா. சாமீன்னு கூப்புட்டுச் சொல்லாதீங்க. பேரைச் சொல்லிச் சொல்லுங்க. உங்க பையன்கிட்டச் சொல்ற மாதிரிச் சொல்லுங்க.”

இருபத்தைந்து நாளாக என் வாயில் வராத அவன் பெயரைச் சொன்னேன். “சாப்புட்டுப் பாருடா” என்றேன்.

கரண்டியை வாயில் வைத்தான். கண்ணை மூடினான். துப்பவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் என்னைப் பார்க்கவே இல்லை, சட்டியைத்தான் பார்த்தான். உப்பை உள்ளங்கையில் கொட்டி எடுத்துப் போட்டான். அடுப்பைக் கூட்டினான். ஒரு சிட்டிகை சர்க்கரை, நாலு சொட்டு வினிகர். மறுபடி ருசி பார்த்தான், இன்னும் கொஞ்சம் உப்பு, மறுபடி ருசி. முதல் தடவைக்குத்தான் அத்தனை யோசனை. அப்புறம் மூன்று தடவையும் அவன் கை தயங்கவில்லை. ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுவிட்டுத் தலையாட்டினான். பாத்திரத்தின் ஓரத்தில் வழிந்ததைத் துணியால் துடைத்து, அவர் முன்னால் வைத்தான்.

அவர் நின்றபடியே சாப்பிட்டார். “இது. இதாணு” என்றார். மாதம் இரண்டாயிரத்து நானூறு, சாப்பாடு, பின்கட்டில் ஓர் அறை. என்னையும் சாப்பிடச் சொன்னார். நான் சட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

திரும்புகிற வழியில், அவனுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமியின் வீட்டில் ஜீப்பை நிறுத்தச் சொன்னான். வாசலிலேயே நின்று நடந்ததைச் சொன்னான். அவர் கற்பூரம் ஏற்றி, மாலையைக் கழற்றி, படத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார். “வர்ற வருசம் மறுபடி போட்டு முடிச்சிருப்பா” என்றார். இருபத்தைந்து நாளாகச் சாமி என்று கூப்பிட்டவர் அப்போதுதான் அவனை ‘அப்பா’ என்று கூப்பிட்டார்.

நாலரை மணிக்கு வீடு. மனைவி வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருந்தாள். அவன் படியேறவில்லை. கழுத்து வெறுமையாக இருப்பதை அவளே பார்த்துக்கொண்டாள்.

“வேலை கெடச்சிருச்சு” என்றேன் நான்.

“யாராச்சும் செத்துட்டாங்களா?” என்றாள். மாலையைப் பாதியில் கழற்றுவது அதற்குத்தான்.

“இல்லீங்கம்மா. நான் சாப்புட்டுட்டேன்.”

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவனிடம் இல்லை, என்னிடம் கேட்டாள்: “ஏனுங்க, இப்ப நான் என்னன்னு கூப்புடறது?”

“நாந்தான் சாப்புடச் சொன்னேன்” என்றேன்.

“அது தெரியும். வேற யாரு சொல்லுவா?”

அவன் வாசலில் நின்றபடியே துணிப் பெட்டியைக் கேட்டான். நான் எடுத்துக் கொடுத்தேன். ஜீப் இன்னும் போகவில்லை. அதிலேயே ஏறிப் பங்களாவுக்குப் போய்விட்டான். சட்டியை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாதென்பதால், அதையும் அவனே எடுத்துப்போனான்.

நான் சொன்னது தப்பென்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் வேலை போயிருக்கும். ஒரு வாரத்தில் திருப்பூருக்குப் போயிருப்பான். பக்கத்து வீட்டுப் பையன் திருப்பூரில்தான் இருந்தான். தீபாவளிக்கு நாலு நாள், பொங்கலுக்கு மூன்று நாள் வீட்டில் வந்து தங்கினான். அவன் அம்மாவுக்குச் சேலை எடுத்து வந்தான். எங்களுடையவன் ஒன்பது கிலோமீட்டரில் இருந்தான். அடுத்த ஒரு வருடத்தில் ஏழு தடவை வந்தான். வந்தால் சம்பளத்தில் பாதியை என் கையில் கொடுப்பான். மழை பெய்தால் கொட்டகையில் நிற்பான். ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. அவனுக்கு அவள் காப்பி கொண்டுவந்து வைப்பாள். சாமி என்றும் கூப்பிடவில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. ‘காப்பி ஆறுது’ என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். சண்டை ஒன்றும் இல்லை. கேட்டால் அவளே சொல்லுவாள்: “நான் என்னங்க சொன்னேன் அவனை? ஒரு வார்த்தை சொன்னனா?” சொல்லவில்லைதான்.

மறு வருடம் கார்த்திகை வந்தபோது மறுபடி மாலை போட்டு முடிக்கச் சொல்லிக் கேட்கப் போனேன். கிச்சனில் மூன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவனுக்குக் கீழே இரண்டு பேர் வெங்காயம் நறுக்கினார்கள்.

“எப்படிங்கப்பா முடியும்? கார்த்திகை, மார்கழிதான் இங்க சீசன். தை பொறக்கற வரைக்கும் லீவு கெடையாது. ருசி பாக்காம நான் என்ன பண்றது?”

“ஒரு வருசம் மட்டும்.”

“எல்லா வருசமும் அதே மாசம்தானுங்களே சீசன்.”

இது அந்த ஞாயிற்றுக்கிழமை என் மூளையில் ஏறவே இல்லை. இந்த வேலையில் இருக்கிற வரைக்கும் அவனால் அந்த வேண்டுதலை முடிக்கவே முடியாது. அது முடியாத வரைக்கும் அவள் வாயில் அவன் பெயர் வராது. வாசலில் குருசாமி என்ன சொன்னார் என்பது மட்டும்தான் அவளுக்கு வேதவாக்கு.

ஆகவே நான் போட்டேன். அறுபத்திரண்டு வயதில், டாக்டர் வேண்டாமென்று சொல்லியும். அவனுக்குப் பதிலாக நான் முடித்தால் செல்லுமா என்று குருசாமியைக் கேட்டேன். செல்லும் என்றும் சொல்லவில்லை, செல்லாது என்றும் சொல்லவில்லை, போட்டுவிட்டார். நாற்பத்தெட்டு நாள் என் மனைவி என்னைச் சாமி என்று கூப்பிட்டாள். வேனில் பதினாறு பேரோடு போனேன். பம்பையிலிருந்து ஏறும்போது நெஞ்சடைத்து, நீலிமலையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேலே போய் என்ன கேட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. கூட்டத்தில் தள்ளிவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் பிரசாத டப்பா ஒன்றை மனைவி தனியாக எடுத்து வைத்தாள். “அங்க கொண்டுபோய்க் குடுங்க” என்றாள். கொண்டுபோனேன். மதிய நேரம், வெளியே மேஜைகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையெல்லாம் மீன் வாடை. “கை சுத்தமில்லீங்கப்பா, அந்த மேடையில வையுங்க” என்றான். வைத்தேன். உடம்பு எப்படி இருக்கிறது, ஏன் இளைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். டப்பாவைத் திறந்ததை நான் பார்க்கவில்லை.

வீட்டில் அவள் கேட்டாள். “வாங்கிக்கிட்டானா?”

“வாங்கிக்கிட்டான்.”

“சாப்புட்டானா?”

“பொறவு சாப்புடுவான்.”

அப்போதும் அவன் பெயரை அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் வருவது வருடத்துக்கு ஏழு தடவையிலிருந்து நாலாகக் குறைந்தது.

ஆக்டோபஸ், ஐஸ், தக்காளி, வெங்காயம், பூண்டு, மண்ணெண்ணெய், சட்டி, ஜீப் வாடகை என்று அந்த ஞாயிற்றுக்கிழமைச் செலவு 438 ரூபாய். மறு வருடம் மாலை, வேட்டி, இருமுடிச் சாமான், வேன் பங்கு, வழிச் சாப்பாடு, குருசாமி தட்சணை என்று நான் மலைக்குப் போய்வந்த செலவு 1,343 ரூபாய். ஆக மொத்தம் 1,781 ரூபாய்.